அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அணிகள் ஏன் கான்ஃபரன்ஸ் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்டு 2 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் யூசிஎல்ஏ, யூஎஸ்சி பல்கலைக்கழகங்களும், அவற்றோடு ஒரிகான், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களும், பிக் டென் கான்ஃபரன்ஸின் உறுப்பினர்கள் ஆயின. பிக் டென்னின் வேர் சிகாகோவைச் சுற்றியுள்ள மாநிலங்களில் இருக்கிறது. அதே சமயத்தில் சான் பிரான்சிஸ்கோ அருகே இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, கிழக்குக் கரை அணிகளின் ஏசிசி கான்ஃபரன்ஸுக்குப் போனது. இந்த ஐந்தும் அதுவரை இருந்த, நூறு ஆண்டுகளைத் தாண்டிய மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12இல் இரண்டே பல்கலைக்கழகங்கள் மிஞ்சின. அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும், அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முதலில், கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

ஒரு வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ஒரே விதிகளின் கீழ், தங்களுக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ள அமைத்துக்கொண்ட சங்கம்தான் கான்ஃபரன்ஸ். பெரிய கான்ஃபரன்ஸ்களில் மூத்தது பிக் டென். 1895இல் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் சிகாகோவில் ஒரு கூட்டம் கூட்டினார். அடுத்த ஆண்டே சங்கம் உருவானது. காசு கொடுத்து வெளியாட்களை இறக்கி ஆட வைப்பதைத் தடுப்பது, ஆடுபவர் உண்மையிலேயே அங்கே படிக்கும் மாணவர்தானா என்று பார்ப்பது, விளையாட்டைப் பேராசிரியர்களின் கட்டுப்பாட்டில் வைப்பது ஆகியவையே அன்றைய நோக்கம். பணத்தின் பிடியிலிருந்து விளையாட்டைக் காக்கத்தான் இந்த அமைப்பே பிறந்தது. இன்றைய நிலையைப் பார்க்கும்போது எனக்கு முதலில் உறுத்துவது இதுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்கலைக்கழகம் கான்ஃபரன்ஸ் மாறினால் ஃபுட்பால் அணி மட்டும் போவதில்லை. வாலிபால், சாஃப்ட்பால், கால்பந்து, டென்னிஸ் என ஏறக்குறைய எல்லா அணிகளும் பின்னாலேயே போகின்றன. கீழே வரும் பிரச்சினைகளில் பாதி இதிலிருந்து கிளம்புபவை.

கல்லூரி ஆட்டத்துக்கு இவ்வளவு பணமா? மாணவர்கள்தானே ஆடுகிறார்கள்?

மாணவர்கள்தான். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,000 பேர் உட்காரலாம். பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லாத நெப்ராஸ்கா, அலபாமா போன்ற மாநிலங்களில் பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. அங்கே படிக்காதவர்கூட அதை 'எங்கள் அணி' என்றுதான் சொல்வார். நாடகத்தையும் படத்தையும் நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து விளம்பரத்தோடு பார்ப்பது நேரடி விளையாட்டு ஒன்றைத்தான். அதனால்தான் தொலைக்காட்சி நிறுவனங்கள் சனிக்கிழமை ஃபுட்பாலுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுக்கின்றன.

இந்த மாற்றம் எப்போது தொடங்கியது?

என்னைக் கேட்டால் 1984 ஜூன் மாதம் என்பேன். அதற்கு முன் ஃபுட்பால் ஒளிபரப்பை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு தன் கையில் வைத்திருந்தது. எல்லா ஆட்டங்களையும் டிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்ற பயத்தில், 1950களின் தொடக்கம் முதல் எத்தனை ஆட்டங்கள் ஒளிபரப்பாகலாம், ஓர் அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானித்தது. ஐபிஎல் உரிமையை பிசிசிஐ மொத்தமாக விற்று அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி.

கூட்டம் சேர்க்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இது பிடிக்கவில்லை. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில், என்சிஏஏவின் கட்டுப்பாடு ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். மறுத்து எழுதியவர் பைரன் வைட். அவரே ஒரு காலத்தில் புகழ்பெற்ற கல்லூரி ஃபுட்பால் வீரர். கல்லூரி விளையாட்டை ஒரு வியாபாரமாக மட்டும் பார்ப்பது தவறு என்பது அவர் வாதத்தின் சாரம்.

சட்டப்படி பெரும்பான்மைத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவு என்ன? அந்த நாள் முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டத்தைத் தானே விற்கும் வியாபாரி ஆனது. தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் நல்ல விலை. அந்தக் கூட்டில் யார் இருந்தால் விலை ஏறும், யார் இருந்தால் இறங்கும் என்ற கணக்கும் கூடவே வந்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஒருபடி மேலே போய், 1991 முதல் தன் உள்ளூர் ஆட்டங்களை என்பிசி தொலைக்காட்சிக்குத் தனியாக விற்றது. ஃபுட்பாலில் இன்றும் அது எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை.

முதலில் ஆரம்பித்தது யார்?

தென் மாநிலங்களின் எஸ்இசி. ஒரு கான்ஃபரன்ஸில் 12 அணிகள் இருந்தால் இரண்டு பிரிவாகப் பிரித்து, கடைசியில் ஓர் இறுதிப்போட்டி நடத்தலாம் என்று விதிப்புத்தகத்தில் ஓர் இடம் இருந்தது. பெரிய அணிகள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எஸ்இசியின் ஆணையர் ராய் கிரேமர் ஆர்கன்சாவையும் சவுத் கரோலைனாவையும் சேர்த்து 12 ஆக்கி, 1992இல் பர்மிங்ஹாமில் முதல் இறுதிப்போட்டியை நடத்தினார். விற்க ஒரு புதுப் பெரிய ஆட்டம் கிடைத்துவிட்டது.

ஆர்கன்சா விட்டு வந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் அதன் பிறகு மிஞ்சியவை எல்லாம் டெக்சாஸ் அணிகள். ஒரே மாநிலத்துக்குள் முடங்கிய கான்ஃபரன்ஸை யாரும் நல்ல விலைக்கு வாங்கவில்லை. நான்கு டெக்சாஸ் அணிகள் பிக் எய்ட் என்ற கான்ஃபரன்ஸோடு சேர்ந்து பிக் 12 ஆயின. எண்பது ஆண்டு வரலாறு கொண்ட சவுத்வெஸ்ட் 1996இல் மூடப்பட்டது. பேக்-12க்குப் பின்னால் நடந்ததன் முன்னோட்டம் அங்கேயே இருந்தது.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸை பிக் டென் ஏன் சேர்த்துக்கொண்டது? அது பெரிய அணியே இல்லையே?

அணிக்காகச் சேர்க்கவில்லை, வீடுகளுக்காகச் சேர்த்தார்கள்.

2007 ஆகஸ்டில் பிக் டென் தன் சொந்தச் சேனலைத் தொடங்கியது. அதன் வருமானம் கேபிள் சந்தாவிலிருந்து வந்தது. கான்ஃபரன்ஸின் அணி இருக்கும் மாநிலத்தில் அந்தச் சேனல் அடிப்படைத் தொகுப்பிலேயே வரும், ஒரு வீட்டுக்கு வாங்கும் மாதக் கட்டணமும் பல மடங்கு அதிகம். அணி இல்லாத மாநிலத்தில் சில்லறைக் காசுதான். ரட்கர்ஸ் உள்ளே வந்தால் நியூயார்க் நகரைச் சுற்றியுள்ள கேபிள் வீடுகளிடம் கூடுதல் கட்டணம் கேட்கலாம். மேரிலாந்து வந்தால் வாஷிங்டன் டிசி, பால்டிமோர் வீடுகள். அந்த வீட்டுக்காரர் வாழ்நாளில் ஓர் ஆட்டம்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆணையர் ஜிம் டெலனியின் இந்தக் கணக்கு வேலை செய்தது. இரண்டும் 2014இல் சேர்ந்தன.

மேரிலாந்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1953இல் ஏசிசியைத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறை கழுத்தை நெரிக்க, 2012 கோடையில் ஏழு அணிகளை மூடியிருந்தது. அந்த நவம்பரிலேயே பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. ஏசிசி கேட்ட வெளியேறும் கட்டணம் 5.2 கோடி டாலர். வழக்கு நடந்து சுமார் 3.1 கோடியில் முடிந்தது. பழைய உறவை முறித்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. மேரிலாந்தைத் துரத்தியது கடன். பத்து ஆண்டு கழித்து யூசிஎல்ஏவைத் துரத்தியதும் கடன்தான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகம்தான் பிக் 12ஐக் கெடுத்தது என்கிறார்களே?

பெருமளவு உண்மை. 2011இல் ஈஎஸ்பிஎன் டெக்சாஸுக்காக மட்டும் லாங்ஹார்ன் நெட்வொர்க் என்ற தனிச் சேனலைத் தொடங்கியது. 20 ஆண்டுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம். ஒரே கான்ஃபரன்ஸில் ஒருவருக்கு மட்டும் தனி வருமானம் என்றால் மற்றவர்கள் எப்படி நிம்மதியாக இருப்பார்கள்? நெப்ராஸ்காவும் கொலராடோவும் ஏற்கெனவே வெளியேற முடிவு செய்திருந்தன. அடுத்து டெக்சாஸ் ஏ அண்ட் எம், மிசூரி இரண்டும் 2012இல் எஸ்இசிக்குப் போயின. கடைசியில் 2021 ஜூலையில் டெக்சாஸும் ஓக்லஹோமாவுமே எஸ்இசிக்குப் போவதாக அறிவித்தன. 2024இல் சேர்ந்தும்விட்டன. 1984இல் என்சிஏஏவை வழக்கில் வென்ற ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் இன்று ஒரே கான்ஃபரன்ஸில் இருக்கின்றன.

பேக்-12 எப்படி ஒரே கோடையில் காலியானது?

ஒரே கோடையில் காலியானதுபோலத் தெரிந்தாலும் அது பத்து ஆண்டுத் தேய்மானம். 1915இல் போர்ட்லாந்தில் பிறந்த கான்ஃபரன்ஸ் அது. நீச்சல், டென்னிஸ், வாட்டர் போலோ, தடகளம் எல்லாம் சேர்த்து 500க்கும் மேற்பட்ட என்சிஏஏ பட்டங்களை அதன் அணிகள் வென்றிருக்கின்றன. ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு இதைவிடச் செழிப்பான கான்ஃபரன்ஸ் அமெரிக்காவில் இருந்ததில்லை என்பது என் துணிபு.

2012இல் ஆணையர் லாரி ஸ்காட் பேக்-12 சேனல்களைத் தொடங்கினார். பிக் டென் ஃபாக்ஸோடும், பின்னால் எஸ்இசி ஈஎஸ்பிஎன்னோடும் கைகோத்துச் சேனல் நடத்தின. பேக்-12 யாரையும் கூட்டு சேர்க்காமல் முழு உரிமையையும் தானே வைத்துக்கொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேரம் பேச, பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இல்லை. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனம் கடைசிவரை அந்தச் சேனல்களை எடுக்கவே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பெரும் வாடகை அலுவலகம் வேறு. மற்ற கான்ஃபரன்ஸ்களுக்கும் இதற்குமான வருமான இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்தது.

2021இல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவது உறுதியானதும் மற்றவர்களுக்குப் பயம் பிடித்தது. அந்த ஆகஸ்டில் பிக் டென், ஏசிசி, பேக்-12 மூன்றும் 'கூட்டணி' அறிவித்தன. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். ஓராண்டுகூட ஆகவில்லை, 2022 ஜூன் 30 அன்று அதே பிக் டென் யூசிஎல்ஏவையும் யூஎஸ்சியையும் இழுத்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸ் சந்தை கைக்கு வந்த தெம்பில், இரண்டு மாதத்துக்குள் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது.

அதன் பிறகாவது பேக்-12 வேகமாக நடந்திருக்க வேண்டும். பிக் 12இன் புதிய ஆணையர் பிரெட் யார்மார்க் வரிசையில் முந்தி, 2022 அக்டோபரில் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸோடு 228 கோடி டாலருக்குப் பேசி முடித்தார். டிவி நிறுவனங்கள் மேற்குக்கென ஒதுக்கிய பணம் அதோடு பெருமளவு தீர்ந்தது. பேக்-12 மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையில் வந்தது ஆப்பிளின் இணையவழித் திட்டம். சந்தாதாரர்கள் எத்தனை பேர் சேருகிறார்களோ, அதைப் பொறுத்துப் பணம்.

2023 ஜூலை 27 அன்று கொலராடோ பிக் 12க்குப் போனது. ஆகஸ்டு 4 காலை, மிச்சமிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டு ஒன்றாக நிற்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் விடிந்தது. அன்று மாலைக்குள் ஒரிகானும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கும் போய்விட்டன. ஒரிகானும் வாஷிங்டனும் வாங்கிக்கொண்டது முழுப் பங்கில் ஏறத்தாழ பாதிதான். பாதிப் பங்குக்கே நூறு ஆண்டு வீட்டை விட்டுப் போகும் நிலை என்றால், எஞ்சியிருப்பதில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யூசிஎல்ஏவின் கதி என்ன ஆனது?

அதன் விளையாட்டுத் துறை 10 கோடி டாலருக்கும் மேல் கடனில் இருந்தது. போகாவிட்டால் அணிகளை மூட வேண்டிவரும் என்று சொல்லித்தான் போனார்கள். ஆனால் யூசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பின் இரு வளாகங்கள். ஒன்று கிளம்பியதால் மற்றொன்று தெருவுக்கு வந்தது. எனவே யூசிஎல்ஏ பெர்க்லிக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் ஈடு கொடுக்க வேண்டும் என்று அமைப்பின் ஆட்சிக்குழு 2024இல் முடிவு செய்தது. பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் ஏசிசியில் இடம் பிடிக்கப் பல ஆண்டுகளுக்குக் குறைந்த பங்கை ஏற்றன. அவற்றோடு போன டல்லஸின் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஏசிசியின் டிவி பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பணக்காரப் பழைய மாணவர்கள் அந்தச் செலவைத் தாங்குகிறார்கள்.

பேக்-12இல் மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்கள்?

ஒரிகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். கார்வாலிஸ், புல்மன் என்ற சிறு ஊர்களில் இருப்பவை. அவற்றை யாரும் கூப்பிடாததற்கு ஆட்டம் காரணம் இல்லை, அவை எந்தப் பெரிய டிவி சந்தையிலும் இல்லை, அவ்வளவுதான். வெளியேறிய பத்துப் பல்கலைக்கழகங்களும் கான்ஃபரன்ஸின் சொத்தைப் பங்கு போட விடக்கூடாது என்று இரண்டும் நீதிமன்றம் போயின. 2023 டிசம்பரில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுக்க, நிர்வாகம் இவர்கள் கைக்கே வந்தது. பிறகு பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொன்சாகா முதலியவற்றைச் சேர்த்து 2026இல் மறுபடி முழு கான்ஃபரன்ஸாகத் தொடங்க வேலை செய்தார்கள்.

இந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இழப்பு நிஜம். 2025 ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் தன் தடகள அணியில் தாண்டுதல், எறிதல் போட்டிகளை நிறுத்தி, நெடுந்தூர ஓட்டத்தை மட்டும் முக்கியமாக வைத்துக்கொண்டது. இந்தியாவின் உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர் 2018இலும் 2022இலும் என்சிஏஏ பட்டம் வென்றது கான்சாஸ் ஸ்டேட் மாணவராக. அவரைப் போன்ற ஒருவருக்குப் புல்மனில் இனி இடம் இல்லை. ஃபுட்பால் டிவி பேரத்தில் தோற்றதற்கு உயரம் தாண்டுபவர் விலை கொடுக்கிறார்.

பயணம் உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா?

ஃபுட்பால் அணிக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆண்டில் சுமார் 12 ஆட்டம், பாதி சொந்த மைதானத்தில், தனி விமானம். சாஃப்ட்பால் அணியோ ஒரு பருவத்தில் 50 ஆட்டங்களைத் தாண்டும். லாஸ் ஏஞ்சலஸுக்கும் ரட்கர்ஸுக்கும் இடையே கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்து, நள்ளிரவு தாண்டி இறங்கி, திங்கள் காலை வேதியியல் ஆய்வகத்துக்கு வரும் பெண்ணுக்கு அந்த டிவி ஒப்பந்தத்தில் என்ன பங்கு? அவள் ஆட்டத்துக்காக யாரும் 700 கோடி கொடுக்கவில்லை. அவள் முன்பு பேருந்திலோ ஒரு மணி நேர விமானத்திலோ போய் வந்துகொண்டிருந்தாள்.

வந்த பணத்தில் கடன் தீர்ந்ததா?

ரட்கர்ஸ் பிக் டென்னில் சேர்ந்து பத்து ஆண்டு தாண்டியும் அதன் விளையாட்டுத் துறை பெரும் பற்றாக்குறையில்தான் இருக்கிறது. காரணம் எளிது. இங்கே லாபம் எடுத்துப்போக உரிமையாளர் யாரும் இல்லை. வருவதெல்லாம் பயிற்சியாளர் சம்பளம், பயிற்சிக்கூடம், மைதான விரிவாக்கம் என்று போய்விடும். பக்கத்து அணி கட்டினால் நாமும் கட்டியாக வேண்டும். 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! மேரிலாந்து மூடிய ஏழு அணிகளை இதோடு சேர்த்து நினைத்தால் வயிறு எரிகிறது.

பிக் டென்னில் 18 அணிகள், பிக் 12இல் 16 அணிகளா?

ஆமாம். பெயருக்கு மதிப்பு இருப்பதால் மாற்றவில்லை.

இத்தனையையும் என்சிஏஏ ஏன் தடுக்கவில்லை?

தடுக்க முடியாது. 1984 தீர்ப்புக்குப் பிறகு ஃபுட்பால் பணம் அதன் கையில் இல்லை. உயர்மட்ட ஃபுட்பாலின் தேசியப் பட்டப் போட்டியைக்கூட நடத்துவது என்சிஏஏ அல்ல, கான்ஃபரன்ஸ்களும் நோட்டர் டேமும் சேர்ந்துதான் நடத்துகின்றன. அதற்கு 2026 பருவம் முதல் ஆறு ஆண்டுக்கு ஈஎஸ்பிஎன் 780 கோடி டாலர் கொடுக்கிறது. பெரும் பங்கு பிக் டென்னுக்கும் எஸ்இசிக்கும். என்சிஏஏவின் வருமானம் பெரும்பாலும் மார்ச் மாத ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியிலிருந்து வருவது. கான்ஃபரன்ஸ்களை அதட்டினால் அவை தனியாகப் போய்விடும் என்ற பயமும் அதற்கு உண்டு.

பிடிக்காத கான்ஃபரன்ஸை விட்டு யார் வேண்டுமானாலும் போக முடியுமா?

வெளியேறும் கட்டணம் மட்டும் என்றால் கட்டிவிட்டுப் போகலாம். பெரிய பூட்டு உரிமை ஒப்படைப்பு ஒப்பந்தம். ஓர் அணி தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கான்ஃபரன்ஸிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. போனாலும் உரிமை அங்கேயே இருக்கும். ஏசிசி அப்படி 2036வரை கட்டிப்போட்டது.

2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களில் 13ஐயும் வென்று ஏசிசி பட்டமும் வாங்கியது. ஆனாலும் தேசியப் பட்டத்துக்கான நால்வர் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே போனது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் காயம்பட்டிருந்ததைத் தேர்வுக்குழு காரணமாகச் சொன்னது. ரசிகர்கள் கண்ணுக்கோ எஸ்இசி என்ற முத்திரைதான் தெரிந்தது. அந்த மாதமே ஃப்ளோரிடா ஸ்டேட் ஏசிசி மேல் வழக்குப் போட, பின்னால் கிளெம்சனும் போட்டது. 2025 மார்ச்சில் சமரசம்: அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு, வெளியேறும் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 2030-31இல் 7.5 கோடி டாலர். கதவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆடும் மாணவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா?

தாமதமாகக் கிடைத்தது. 2021 ஜூனில், மாணவ வீரர்களின் படிப்புச் சலுகைகளுக்கு வரம்பு போட்டதை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்சிஏஏவுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி வந்தது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றார். முன்னாள் வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனிமேல் பல்கலைக்கழகமே வீரர்களுக்குப் பணம் தரலாம், 2025-26க்கு உச்சவரம்பு 2.05 கோடி.

இது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1,07,000 பேர் பார்க்க வருவது அவர்களைத்தான். ஆனால் அந்த 2.05 கோடியின் பெரும் பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. புதிதாக வந்த அணி ஆள் வரம்பால், உதவித்தொகை இல்லாமல் ஆசைக்காக ஆடிய பலர் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்று நீதிபதி பிடிவாதமாக நின்றதால் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது.

இந்தியா, இலங்கையிலிருந்து போய் ஆடுபவர்களும் சம்பாதிக்கலாமா?

எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். அந்த விசா வேலை செய்வதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்க மண்ணில் விளம்பரத்துக்கு நடிப்பது வேலையாகக் கருதப்பட்டால் விசாவே போகலாம். பக்கத்தில் ஆடும் அமெரிக்கத் தோழர் செய்கிறாரே என்று கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் முதலில் கேளுங்கள்.

என் மகள் விளையாடவே இல்லை. அவள் கட்டண ரசீதில் விளையாட்டுக் கட்டணம் ஏன்?

டிவி பணம் கொழிக்கும் பெரிய பல்கலைக்கழகங்களைவிட நடுத்தர, சிறிய பல்கலைக்கழகங்களில்தான் இது அதிகம். பெரியவர்களின் ஓட்டத்தில் பின்தங்கக் கூடாது என்று மாணவர் கட்டணத்திலிருந்து எடுத்து விளையாட்டுத் துறைக்குப் போடுகிறார்கள். இது மிதமிஞ்சிப் போனதால், விளையாட்டுச் செலவில் எவ்வளவு பங்கைக் கட்டணத்திலிருந்து எடுக்கலாம் என்று வர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டமே போட்டது. சேரும் முன் கட்டண விவரத்தைப் பிரித்துக் கேளுங்கள், சொல்வார்கள்.

பழைய பரம வைரிகளின் ஆட்டங்கள்?

சில செத்தன, சில மீண்டன. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 1910 முதல் இடைவிடாமல் ஆண்டுதோறும் மோதி வந்தன. 2023 நவம்பரில் 27-24 என்று ஓக்லஹோமா ஸ்டேட் வென்றதோடு அந்தத் தொடர் நின்றது. கான்சாஸும் மிசூரியும் 2011க்குப் பிறகு ஃபுட்பாலில் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்து 2025இல் மறுபடி மோதின. டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2024இல் எஸ்இசியில் மறுபடி சந்தித்தன. பிரித்தது எந்தப் பணமோ, அதே பணம்தான் சேர்த்தும் வைத்தது.

இனி என்ன? இதற்கு வழியே இல்லையா?

பிக் டென் ஒப்பந்தம் 2030இலும் பிக் 12 ஒப்பந்தம் 2031இலும் முடிகின்றன. ஏசிசியின் கட்டணம் இறங்குவதும் அதே சமயம். அடுத்த பெரிய ஆட்டம் அப்போதுதான் என்று எல்லோரும் தயாராகிறார்கள்.

ஃபுட்பாலை மட்டும் தனியே பிரித்து அதற்கான கூட்டமைப்பில் விட்டுவிட வேண்டும், மற்ற அணிகள் எல்லாம் பழையபடி பக்கத்து ஊர்களோடு ஆட வேண்டும் என்பது என் கருத்து. ஃபுட்பால் பணத்தில் ஒரு பங்கை அந்த அணிகளுக்கு எழுதி வைக்கலாம். நடக்காத காரியம் என்று இதை ஒதுக்குபவர்களுக்கு நடந்துகொண்டிருப்பதையே காட்டுகிறேன். நோட்டர் டேம் ஃபுட்பாலில் தனியாக நிற்கிறது, ஐஸ் ஹாக்கியை பிக் டென்னில் ஆடுகிறது, மற்ற பெரும்பாலான விளையாட்டுகளை ஏசிசியில் ஆடுகிறது. வாட்டர் போலோவில் யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி நான்கும், ஃபுட்பாலில் இரண்டு வேறு கான்ஃபரன்ஸ்களுக்குப் பிரிந்துபோன பிறகும், மவுண்டன் பசிபிக் என்ற ஒரே கூட்டமைப்பில், பெரும்பாலும் கலிஃபோர்னியாவுக்குள்ளேயே போய் வந்து ஆடிக்கொண்டிருக்கின்றன.